தினம் மூன்று பேர்

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றி நான்கு தெருக்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அவற்றைப் பராமரித்தது திருவிதாங்கூர் அரசாங்கம். அதற்கான பணம் எல்லாரிடமும் வாங்கிய வரி. ஆனால் கோயிலுக்குச் சற்றுத் தூரத்திலேயே நட்டு வைத்திருந்த தீண்டல் பலகையைத் தாண்டி ஈழவரோ புலையரோ ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது. அதே தெருவில் கிறிஸ்தவர் நடந்தார், முஸ்லிம் நடந்தார், நாயும் மாடும் நடந்தன. காலையில் விரட்டப்பட்ட ஈழவர் ஒருவர் மதியம் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு வந்தால் மாலையில் கைவீசிக்கொண்டு போகலாம். தன்னை இந்து என்று சொல்லிக்கொள்ளும் வரைக்கும்தான் அவருக்குத் தடை.

வைக்கம் போராட்டத்தைக் கோயில் நுழைவுப் போராட்டம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கோயிலுக்குள் போவது அந்தப் போராட்டத்தின் கோரிக்கை அல்ல. கேட்டதெல்லாம் தெருவில் நடக்க வேண்டும் என்பதுதான். அதற்கே இருபது மாதம் பிடித்தது.

வித்து விழுந்த இடங்களில் ஒன்று திருநெல்வேலி. 'தேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் டி.கே. மாதவன் 1921 செப்டம்பரில் அங்கே வந்து காந்தியைச் சந்தித்து, ஈழவர்களின் நிலையை எடுத்துச் சொன்னார். 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் வரை போய் இந்த விஷயத்தை அங்கே கிளப்பினார். அடுத்த மாதமே கேரளக் காங்கிரஸ் ஒரு தீண்டாமை ஒழிப்புக் குழுவை அமைத்தது. கே. கேளப்பன் அதன் பொறுப்பாளர். வைக்கத்தில் முகாம் போட்டார்கள், தொண்டர்களைச் சேர்த்தார்கள்.

போராட்ட முறையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தினம் மூன்று பேர் பலகையைத் தாண்டிப் போக முயல வேண்டும். கைது செய்தால் மறுக்காமல் போக வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது. 1924 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, முதல் மூவர் கிளம்பினார்கள். புலையர் குஞ்ஞாப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்தப் பணிக்கர். கூட்டம் பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டது. மூவர் மட்டும் முன்னே போனார்கள். போலீஸ் மறித்துச் சாதியைக் கேட்டது. சாதியைச் சொன்னதும், நாயர் போகலாம், மற்ற இருவரும் போகக் கூடாது என்று பதில் வந்தது. போனால் மூவரும் சேர்ந்துதான் போவோம் என்றார்கள். மூவரும் சிறைக்குப் போனார்கள். அந்தத் தெருவில் நடக்கப் பணிக்கருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தனக்கு ஏற்கெனவே இருந்த உரிமையை அன்று அவர் தனியாக எடுத்துக்கொள்ள மறுத்தார். மூவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில், ஏப்ரல் 7ஆம் தேதி, போராட்டத்தை நடத்திவந்த மாதவனும் கே.பி. கேசவ மேனனும் சிறைக்குள் போனார்கள். பொறுப்பு ஜார்ஜ் ஜோசப் கைக்கு வந்தது. செங்கன்னூர்க்காரர், மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியதால் மதுரைப் பக்கம் 'ரோசாப்பூ துரை' என்றால்தான் இன்றும் ஆள் அடையாளம் தெரியும். சிரியன் கிறிஸ்தவர். அங்கேதான் சிக்கல் வந்தது. தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், பிராயச்சித்தமும் அவர்களே செய்யட்டும், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருள்படக் காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் ஜோசப்பும் கைதாகிவிட்டார்.

காந்தி சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் நம் மதத்தைக் கெடுக்கிறார்கள் என்று வைதிகர்கள் கூச்சலிட இடம் கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். ஆனால் தெரு இந்துக்களுக்கு மட்டும் சொந்தமானதா? வரி கட்டிய கிறிஸ்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரரை அந்தத் தெருவில் ஏன் விரட்டுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை இல்லையா? வைக்கம் போராட்டம் முடியும் வரை இந்தக் கேள்வி அதை விடவில்லை.

தலைவர்கள் எல்லாம் சிறையில். வந்து நடத்துங்கள் என்று அழைப்பு ஈரோட்டுக்குப் போனது. அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர், பின்னாளின் பெரியார். ஏப்ரல் 13ஆம் தேதி அவர் வைக்கம் வந்து இறங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், தடையை மீறினார். முதல் முறை ஒரு மாதம் அருவிக்குத்தியில் சிறை. வெளியே வந்தவர் ஊருக்குத் திரும்பாமல் மறுபடி பேசப் போகவே, இரண்டாம் முறை நான்கு மாதக் கடுங்காவல், திருவனந்தபுரம் மத்தியச் சிறையில். மற்ற அரசியல் கைதிகளுக்குக் கிடைத்த சலுகை இவருக்குக் கிடைக்கவில்லை. காலில் விலங்கும் கைதி உடையுமாக அவர் வேலை செய்ததை அதே சிறையில் இருந்த கேசவ மேனன் தன் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார்.

பெரியார் பின்னாளில் மேடைகளில் சொல்லிச் சிரிக்கவைத்த கதை ஒன்று உண்டு. தன்னை ஒழிப்பதற்காக வைதிகர்கள் சத்துரு சங்கார யாகம் நடத்தினார்கள், போய்ச் சேர்ந்ததோ மகாராஜா என்பார். மூலம் திருநாள் 1924 ஆகஸ்ட் 7ஆம் தேதி காலமானது சரித்திரம். மகாராணி சேது லட்சுமிபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது சத்தியாக்கிரகிகள் எல்லாரும் விடுதலையானார்கள்.

பெயர் தெரிந்தவர்களின் கதை இது. தெருவில் தினமும் நடந்தது வேறு. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே அரசாங்கம் தந்திரத்தை மாற்றிவிட்டது. தொண்டர்களைக் கைது செய்வதை நிறுத்திவிட்டுத் தெருக்களுக்குக் குறுக்கே தடுப்புக் கட்டிப் போலீஸை நிறுத்தியது. கைதானால் பத்திரிகையில் பெயர் வரும், கூட்டம் சேரும். வேலியோரம் சும்மா உட்கார்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? முதலில் பட்டினி கிடந்து பார்த்தார்கள்; அது கூடாது என்று காந்தி தடுத்தார். அப்புறம் ராட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தடுப்புக்கு முன் உட்கார்ந்தார்கள். நூல் நூற்றார்கள், பாட்டுப் பாடினார்கள், முறை முடிந்ததும் அடுத்த அணிக்கு இடம் விட்டார்கள். சிறைக்குப் போவதைவிட இது கஷ்டம். சிறையில் நாளை எண்ணலாம். இங்கே எண்ணுவதற்கு முடிவு தேதியே இல்லை.

இத்தனை பேருக்குச் சோறு போட வேண்டுமே. ஏப்ரல் கடைசியில் பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர்கள் வந்து இலவச சமையலறை திறந்தார்கள். வேம்பநாட்டுக் காயல் ஓரத்தில் தலைப்பாகைக்காரர்கள் அடுப்பு மூட்டி, சாதி பாராமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். இதற்கும் காந்தி சம்மதிக்கவில்லை. இந்துக்கள் தங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும், தொண்டர்கள் வெளியார் தர்மத்தில் சாப்பிடக் கூடாது என்றார். சமையலறை மூடப்பட்டது. அதன் பிறகு முகாமின் உலை உள்ளூர் வீடுகளை நம்பித்தான் கொதித்தது.

அங்கேதான் பெண்கள் வருகிறார்கள். பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் வைக்கத்துக்கு வந்து தடுப்புக்கு முன் நின்றார்கள். மாதவனின் மனைவியும் ஜோசப்பின் மனைவியும் உடன் நின்றார்கள். பிறகு கிராமங்களுக்குள் போய் ஆதரவு திரட்டினார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் காசும் வாங்கி வந்தார்கள். கூட்டத்துக்கு வந்து கைதட்டிவிட்டுப் போகிறவன் மறுநாள் மறந்துவிடலாம். சமைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைக்கிற பெண்ணுக்குப் போராட்டம் அன்றாடம் நினைவிருக்கும்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். வைக்கம் தெருக்கள் காயலாயின. போலீஸ்காரர்கள் படகில் இருந்தார்கள். தொண்டர்கள் தண்ணீரில் நின்றார்கள். சிலருக்கு இடுப்பளவு, சிலருக்கு அதற்கும் மேல். முறையை மட்டும் விடவில்லை. வைதிகர்கள் ஏவிய அடியாட்கள் வேறு இருந்தார்கள். தொண்டர்களின் கண்ணில் சுண்ணாம்பைப் பூசினார்கள். ராமன் இளையது பார்வை இழந்தார், புலையரான ஆமச்சாடித் தேவனின் கண்களும் பாதிக்கப்பட்டன. சிட்டேடத்து சங்குப் பிள்ளை அடிபட்டு, 1924 டிசம்பரில் இறந்துபோனார்.

செப்டம்பர் 27ஆம் தேதி ஈழவர்களின் ஆன்மிகத் தலைவரான நாராயண குரு வந்து தொண்டர்களைப் பார்த்தார். ஆயிரம் ரூபாய் நன்கொடை தந்தார். வைக்கத்தில் இருந்த தம் மடத்தையும் முகாமுக்கு விட்டுக்கொடுத்தார்.

அடுத்த அசைவு மேல்சாதிக்காரர்களிடமிருந்து வந்தது. நவம்பர் 1ஆம் தேதி மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ணர்களின் நடைப்பயணம் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியது. தெற்கே நாகர்கோவில் பக்கம் கோட்டாறிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு இன்னொரு கூட்டத்தை நடத்தி வந்தார். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சவர்ணர்கள் கையெழுத்திட்ட மனு மகாராணியிடம் போனது: தெருவைத் திறந்துவிடுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. யாருடைய பெயரைச் சொல்லித் தடை போட்டார்களோ அவர்களே வந்து கேட்டுவிட்டார்கள்.

அப்படியும் 1925 பிப்ரவரியில் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் ஈழவர் தலைவர் டாக்டர் பல்புவின் சொந்தச் சகோதரரும் ஒருவர். ராட்டையோடு பதினோராவது மாதம் தடுப்பு முன் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

மார்ச் 9ஆம் தேதி காந்தியே வந்தார். மறுநாள் வைதிகர்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியின் மனைக்குப் போனார். காந்தி பனியா சாதி, அதோடு தீண்டத்தகாதவர்களோடு பழகியவர்; எனவே வீட்டுக்குள் அழைக்கவில்லை, வெளியே மண்டபத்தில் வைத்தே பேச்சு நடந்தது. முன்வினைப்படி பிறந்தவர்கள் அனுபவிக்கிறார்கள் என்பதற்கு மேல் நம்பூதிரி இறங்கி வரவில்லை. இன்று அந்த மனை கள்ளிறக்கும் தொழிலாளர்களின் சங்க அலுவலகம். ஒரு காலத்தில் வாசலை நெருங்கவும் அனுமதிக்கப்படாத ஈழவர்களின் மரபுத் தொழில்தான் கள்ளிறக்குவது.

காந்திக்கும் போலீஸ் கமிஷனர் பிட்டுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அரசாங்கம் தடையாணையை விலக்கிக்கொண்டது. தொண்டர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டாமல் நின்றார்கள். 1925 நவம்பரில் சத்தியாக்கிரகம் முடிவுக்கு வந்தது. மாதக் கடைசியில் நடந்த வெற்றிக் கூட்டத்துக்குப் பெரியார் தலைமை வகித்தார். ஆனால் திறந்தது மூன்று பக்கத் தெருக்கள்தான். கிழக்குத் தெருவுக்குக் கதவு போட்டார்கள். அதில் நேற்று வரை நடந்துகொண்டிருந்த கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்கூட இனி நடக்க முடியாது என்றாகிவிட்டது. உங்கள் வேலை அல்ல என்று ஜோசப்பை ஒதுங்கச் சொன்ன போராட்டத்தின் முடிவில், அவரைப் போன்றவர்களின் வழியும் அடைபட்டது.

வைக்கத்தில் கற்றுக்கொண்டதை எம்பெருமாள் நாயுடு தம் ஊர்ப்பக்கம் எடுத்துப் போனார். 1926இல் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தெருக்களுக்காக அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது, நின்றது, 1930இல் மறுபடி தொடங்கியது. 1936 நவம்பர் 12ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோதுதான் வைக்கத்தின் கிழக்குத் தெருவும் சுசீந்திரமும் ஒருசேரத் திறந்தன. பிரகடனம் திருவிதாங்கூர் எல்லையோடு நின்றுவிட்டது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், கேளப்பன் 1931இல் குருவாயூர்க் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு உண்ணாவிரதமும் இருந்து பார்த்தார். அந்தக் கோயில் எல்லாருக்கும் திறக்க 1947 வரை ஆனது.