தனுஷ்கோடி: ஒரு துறைமுக ஊரின் வாழ்வும் அழிவும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்திருக்கும் சிற்றூர் தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ, இரு கடல்களுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இவ்வூர் உள்ளது. 1914 முதல் 1964 வரை ஐம்பது ஆண்டுகள் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தொடர்வண்டி - கப்பல் வழியின் கடைசி நிலையமாக இது விளங்கியது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் அழிந்தது. அதன்பின் மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது.

தனுஷ்கோடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் புயல் இரவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன் அங்கு எப்படிப்பட்ட வாழ்க்கை இருந்தது, அதற்குப் பின் யார் அங்கு திரும்பி வந்தார்கள், யாருடைய தேவைகள் சீர்செய்யப்பட்டன, யாருடையவை கைவிடப்பட்டன என்பவையும் அவ்வூரின் வரலாறுதான்.

தொடர்வண்டிக்கு முந்தைய தனுஷ்கோடி

தனுஷ்கோடியைத் தொடர்வண்டித் துறை புதிதாக உருவாக்கிவிடவில்லை. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை செய்வோர் சேதுக்கரையில் நீராடுவது நெடுங்கால வழக்கம். சேதுவின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் சேர்ப்பதும், கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாத சுவாமிக்கு அபிடேகம் செய்வதும் இந்த யாத்திரையின் பகுதிகள். இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி என்னும் பட்டம் பூண்டதும் இந்தச் சேதுவின் காவலர்கள் என்ற பொருளில்தான்.

மணலில் கால் புதைய நடந்துவரும் யாத்திரிகர்கள் தங்குவதற்கு வழியில் சத்திரங்கள் இருந்தன. மூன்றாம் சத்திரம், முகுந்தராயர் சத்திரம் ஆகிய இடப்பெயர்கள் அவற்றை இன்றும் நினைவூட்டுகின்றன. கம்பிப்பாடு என்ற பெயர் இன்னொரு வாழ்க்கையைச் சொல்கிறது. கரைவலை இழுக்கும் இடத்தைப் ‘பாடு’ என்பது கடலோர வழக்கு. யாத்திரிகர்களின் சத்திரமும் மீனவர்களின் பாடும் ஆங்கிலேயரின் இருப்புப்பாதைக்கு முன்பே இவ்வூரின் அடையாளங்களாக இருந்தன.

போட் மெயில் கொண்டுவந்த ஊர்

தொடக்கத்தில் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வழியாகவே சென்றனர். திருச்சி, திண்டுக்கல், சமயநல்லூர், மதுரை வழியாகத் தெற்கே ஓடிய இருப்புப்பாதையில் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்பை அடைந்தனர். அந்தக் கடற்பயணத்துக்கு ஓர் இரவு முழுவதும் ஆகும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கோ ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவே. சில மணி நேரத்தில் கடலைக் கடந்துவிடலாம்.

1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை அமைந்தது. மண்டபத்துக்கும் தீவுக்கும் இடையே இருந்த பாம்பன் கால்வாயைக் கடக்க 145 கண்களுடன், நடுவில் கப்பல்களுக்காகத் திறந்து மூடும் தூக்குப் பாலத்துடன், சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டப்பட்டது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் ஆகிய வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் பின்னர் வந்தன.

சென்னையில் தொடர்வண்டி ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் தொடர்வண்டி ஏறிக் கொழும்பு சேரலாம். கப்பலோடு இணைந்த வண்டி என்பதால் மக்கள் அதனைப் ‘போட் மெயில்’ என்றே அழைத்தனர். இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டிக்கு அந்தப் பெயர் இன்றும் பேச்சு வழக்கில் நிலைத்திருக்கிறது.

பாம்பன் அப்போது இருப்புப்பாதைச் சந்திப்பு. அங்கிருந்து ஒரு பாதை இராமேசுவரத்துக்கும் மற்றொன்று நேராகத் தனுஷ்கோடிக்கும் பிரிந்தன. கப்பலைப் பிடிக்க வேண்டிய பயணி இராமேசுவரம் நகருக்குள் செல்ல வேண்டியதில்லை.

ஊரின் அன்றாட வாழ்வு

தொடர்வண்டி நிலையம், கப்பல் துறை, சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில்கள், தொடர்வண்டிப் பணியாளர் குடியிருப்பு, யாத்திரிகர் விடுதிகள், கடைகள் ஆகியவை அந்த மணல் திட்டில் இருந்தன. வண்டி வரும் நேரமும் கப்பல் புறப்படும் நேரமும் ஊரின் நாளை வகுத்தன. சுமை தூக்குவோர், உணவு விற்போர், சுங்க அலுவலர், யாத்திரிகருக்கு வழிகாட்டும் புரோகிதர் என அங்கு பிழைத்தோரில் பலர் வந்து போகும் மக்களை நம்பியே இருந்தனர்.

வந்துபோனவர்கள் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். அதிகாரிகளும் வணிகர்களும் வசதியான வகுப்புகளில் பயணம் செய்தனர். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டும் கங்காணிகளின் பின்னே மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஏழைக் குடும்பங்கள் சென்றன. இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் தொழிலாளர்களைத் தங்கவைத்து, மருத்துவச் சோதனை முடித்த பிறகே கப்பலுக்கு அனுப்பினர். ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயர் அப்போது வந்தது. மலையகத் தமிழர் பலரின் குடும்ப வரலாற்றில் தாயகத்தின் கடைசி மண் தனுஷ்கோடி மண்ணாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் தாக்கமும் இந்தத் தீவை எட்டியது. அப்துல் கலாம் தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டதால், இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வெளியே வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க உதவியதே அவருடைய முதல் சம்பாத்தியம். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல அவருடைய தந்தை ஒரு படகு கட்டியதும், அது ஒரு புயலில் அழிந்ததும் அந்நூலில் உள்ளன. 1964-க்கு முன்பும் புயல் இம்மக்கள் அறியாத ஒன்றல்ல.

இந்தப் பரபரப்புக்கு வெளியே மீனவர் வாழ்க்கை வேறொரு கணக்கில் இயங்கியது. அலை குறைந்த வடகடலைப் பெண் கடல் என்றும், சீற்றம் மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் அவர்கள் அழைப்பர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். காற்று மாறும்போது படகுகளையும் வலைகளையும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றுவர். மணல் திட்டின் அகலம் குறைவு என்பதால் இரு கடல்களும் ஒரே ஊரின் இரு வயல்கள் போல அவர்களுக்குப் பயன்பட்டன.

கரைவலை மீன்பிடிப்பு ஊர் கூடிச் செய்யும் தொழில். படகில் வலையைக் கொண்டுசென்று கடலில் அரைவட்டமாக விரித்த பிறகு, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு குழுவினர் இழுப்பர். மடியில் சேர்ந்த மீன் பங்கு பிரிக்கப்படும். குடிநீருக்கும் அவர்கள் மணலையே நம்பினர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. கையால் ஊற்றுத் தோண்டினால் சில அடி ஆழத்திலேயே நல்ல நீர் கிடைக்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பதைப் பெண்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

1964 டிசம்பர்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. தனுஷ்கோடி வழியே சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கடல் வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய துறைமுகம் அதன்பின் இரண்டு மாதங்கள்கூட இருக்கவில்லை.

டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு கடும் புயலாக வலுவடைந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. இருபது அடிக்கும் மேல் உயர்ந்ததாகக் கூறப்படும் அலைகள் மணல் திட்டை மூடின. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653 எண் பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும்போது சைகை விளக்கு எரியாததால் நின்றது. சிறிது நேரம் காத்திருந்து ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். பேரலை அந்த வண்டியைக் கவிழ்த்து மூழ்கடித்தது. 110 பயணிகளும் 5 பணியாளர்களும் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தந்தித் தொடர்பு அறுந்ததால் அழிவின் அளவை வெளியுலகம் அறிய இரண்டு நாட்கள் ஆயின.

இப்புயலில் மாண்டோர் சுமார் 1,800 பேர் என்று பரவலாகக் கூறப்படுகிறது. துறைமுக ஊரில் இந்த எண்ணை உறுதி செய்வது கடினம். யாத்திரிகர், கப்பலுக்குக் காத்திருந்தோர், பருவத்துக்கு வந்து குடிசையிட்டிருந்த மீனவர் ஆகியோர் எந்தக் குடியிருப்புப் பதிவிலும் இருக்கமாட்டார்கள். வண்டியில் சென்றோரையும் பயணச்சீட்டை வைத்தே எண்ண முடியும். சீட்டில்லாமல் ஏறியவர்கள் சாவிலும் கணக்கில் வராதவர்கள்.

எது திரும்பியது, எது திரும்பவில்லை

புயலில் பாம்பன் பாலத்தின் 126 கண்கள் சிதைந்தன. தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. சீரமைப்புப் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட இரும்புத் தூலங்கள் கிடந்த இடத்தைப் பற்றி மீனவர்கள் தந்த தகவல் பணிக்கு உதவியது. அவற்றை மீட்டுப் பயன்படுத்தி 46 நாட்களில் பாலம் மீண்டும் இயங்கியது. இந்தியத் தொடர்வண்டித் துறை வரலாற்றில் இது பெருமைக்குரிய சாதனை.

ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் தலைமன்னாருக்குச் சென்றுவந்தது. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் அதில் வந்து மண்டபம் முகாமில் இறங்கினர். இலங்கை உள்நாட்டுப் போரால் 1980களின் முற்பகுதியில் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

அரசின் முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மணல் திட்டில் மீண்டும் ஒரு நகரைக் கட்டுவது அடுத்த புயலுக்கு மக்களைப் பலி கொடுப்பதாகும். ஆனால் ‘வாழத் தகுதியற்றது’ என்ற அறிவிப்பு, வேறு பிழைப்பு இல்லாத மீனவர்களை அங்கிருந்து அகற்றவில்லை. அலுவலகங்களும் கப்பலும் போன பிறகு அவர்கள் தங்கள் பாடுகளுக்குத் திரும்பினர். அறிவிப்பின் விளைவாக மின்சாரம், குழாய் நீர், சாலை, மருத்துவம் ஆகிய வசதிகளே அவர்களுக்கு எட்டாமல் போயின. பல பத்தாண்டுகள் நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் மணலில் ஓடும் வண்டியில் ஏற்றியே இராமேசுவரம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் அரிச்சல்முனையிலும் அருகிலுள்ள மணல் தீடைகளிலும் இறங்கினர். 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போதும் குடும்பங்கள் இவ்வழியே வந்தன. கைவிடப்பட்ட துறைமுகம், அகதிகளுக்கு மட்டும் துறைமுகமாகவே இருந்துவந்தது.

இன்றைய தனுஷ்கோடி

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பெருகினர். கூரையற்ற தேவாலயச் சுவர், தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்கள், நீர்த்தொட்டி ஆகியவை புகைப்படங்களில் இடம்பெறுகின்றன. புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலுக்கு மக்கள் வருகின்றனர். தேவாலயத்தின் அருகே சங்கும் சிப்பியும் விற்கும் கடைகளை நடத்துவோரில் மீனவக் குடும்பத்தினரும் உண்டு. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டும் அத்திட்டம் நிறைவேறவில்லை. பாம்பனில் மட்டும் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது.

முடிவுரை

தனுஷ்கோடியை ‘ஆவி நகரம்’ என்று எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. அங்கு அழிந்தது ஐம்பது ஆண்டுகள் இயங்கிய ஒரு தொடர்வண்டித் துறைமுகம். அதற்கு முன்பிருந்த பாடுகளும் ஊற்றுகளும் சத்திரங்களின் பெயர்களும், காற்றைப் பார்த்துக் கடலை மாற்றும் மக்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பேரழிவுக்குப் பின் எது 46 நாட்களில் சீராகிறது, எதற்கு ஒரு சாலை வர 53 ஆண்டுகள் ஆகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், கடலோரச் சிற்றூர்கள் குறித்து ஆட்சிகள் எதனைப் பெரிதாக மதித்தன என்பது விளங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை எங்கும் மீனவர்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. பாதுகாப்பும் பிழைப்பும் எதிரெதிரே நின்ற அந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்த ஊர் தனுஷ்கோடி.