பியானோ கிளாஸ் போர் அடிக்குதா? கறுப்புக் கட்டையில் இருக்கு வழி!

ஆசையாகச் சேர்ந்த பிள்ளை, ஆறே மாதத்தில் 'கிளாஸுக்குப் போகல' என்று அடம்பிடிப்பது ஏன்? கிரேடு தேர்வுக்கான 3 பாடல்களையே மாதக்கணக்கில் வாசிக்க வைப்பது ஒரு காரணம்.

இதை மாற்ற கறுப்புக் கட்டைகளே போதும். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், முதல் கட்டையை 'ஸ' என வைத்து கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் வருவது மோகன ராகம். வெள்ளையைத் தொடாதவரை எதை அழுத்தினாலும் காதில் உறுத்தாது. ஆசிரியர் இடப்பக்கம் உட்கார்ந்து ஸ, ப மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்க, மாணவர் வலப்பக்கம் இஷ்டத்துக்கு மெட்டுப் போடலாம்.

அப்போ ஸ்கேல் பயிற்சி? அதுவும் வேணும், 10 நிமிஷம் கழிச்சு ஆரம்பிங்க. பிள்ளை போட்ட மெட்டை போனில் ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்து, அடுத்த வாரம் இன்னும் இரண்டு வரி சேர்த்து வரச் சொல்லுங்க. வீட்டில் பியானோ முன் உட்கார அதுவே ஒரு காரணமாகும்.