அம்மா அப்பாவைக் கப்பலில் அழைத்துப் போவது: ஒரு சிறு வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதெல்லாம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், பெற்றோரை ஐரோப்பாவுக்கு வரவழைத்து மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா என்று துறைமுகம் துறைமுகமாகப் படங்கள் வருகின்றன. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மா, குல்லா வைத்த அப்பா, பின்னால் நீலக் கடல். "இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா சார்?" என்று கேட்பவர்களும் உண்டு. சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் பதிலாக வரும்.

நம் ஊர் கடல் இல்லாத ஊர். மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் சிறுமலை தெரியும், கொடைக்கானல் மலை தெரியும், கடல் தெரியாது. ஆனால் நம் ஊர்ச் சரக்கு கடல் பார்த்தது. ஸ்பென்சர் நிறுவனம் இங்கே தொழிற்சாலை வைத்து, திண்டுக்கல் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. சுருட்டு போன ஊருக்கு அதைச் சுருட்டியவர்கள் போகவில்லை. அவர்களுக்கு யார் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது?

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் தீர்ந்தது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சில வாரங்களில் போய்விடலாம் என்றானது. படிக்கப் போகும் பிள்ளைகள் அதிகமானார்கள். அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பெற்றோர் வருகிறார்கள். ஆனால் கப்பலில் இல்லை, வாசற்படியில் நிற்கிறார்கள்.

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மது, மாமிசம், பெண் மூன்றையும் தொட மாட்டேன் என்று தாய் புத்லிபாய் முன்னால் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. 1888 செப்டம்பர் 4-இல் பம்பாயில் கப்பலேறினார். கடல் கடந்ததற்காக அவர் சாதியார் தள்ளிவைத்தார்கள். 1891-இல் திரும்பி வந்து இறங்கியபோதுதான் தாய் இறந்துவிட்ட செய்தியை அண்ணன் சொன்னார். அந்நிய மண்ணில் பிள்ளை தாங்க மாட்டான் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார்கள். ஊருக்குப் போகும் வழியில் நாசிக்கில் ஆற்றில் முழுக்காட்டி, பிறகு சாதிக்காரர்களுக்கு விருந்தும் வைத்தார்கள்.

நம் கும்பகோணத்து ராமானுஜன் கதையும் இதேதான். தாய் கோமளத்தம்மாள் முதலில் ஒப்பவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே சம்மதித்தார் என்பார்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே தாயையும் மனைவி ஜானகியையும் ராமானுஜன் ஊருக்கு அனுப்பிவிட்டார். குடுமியை எடுத்துவிட்டுக் கோட்டு போட்டு நிற்கும் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். 1914 மார்ச் 17-இல் சென்னையில் 'நெவாசா' கப்பல் கிளம்பியபோது தாய் கரையில்கூட இல்லை. 1919 மார்ச்சில் நோயாளியாக பம்பாயில் வந்து இறங்கியபோது அழைத்துப் போக வந்து நின்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-இல் மகன் போய்விட்டார்.

இந்த இரண்டு தாய்மாரிடமும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "போகட்டுமா?" "நீங்களும் வர்றீங்களா?" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

விதிவிலக்கு உண்டு. அதற்குப் பணமும் துணிச்சலும் சேர்ந்து வேண்டியிருந்தது. மோதிலால் நேரு 1899-இல் ஐரோப்பா போய் வந்தார். பிராயச்சித்தம் செய்ய மாட்டேன் என்று மறுத்தார். 1905-இல் மனைவி சொரூப ராணி, 15 வயது ஜவாஹர்லால், சிறுமியான மகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு மறுபடி கப்பலேறினார். ஹாரோ பள்ளியில் மகனைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே கொண்டுபோய் விட்டார்கள்.

தமிழர்களில் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. கொழும்பைச் சேர்ந்த சர் முத்து குமாரசாமி லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் கொடுத்தவர். இங்கிலாந்துக்காரரான எலிசபெத்தை மணந்தார். 1879-இல் எலிசபெத் இரண்டு வயது நிறையாத மகனோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தந்தை பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. அவர் கப்பலேற வேண்டிய நாளான மே 4-ஆம் தேதியே இறந்துபோனார். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் நடராஜர் சிலையின் பொருளை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசாமி. பின்னால் வருகிறேன் என்று சொன்ன தந்தையின் முகம் அவருக்கு நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் பாடம் முழுமையாகாது. கடல் தாண்டினால் தோஷம் என்ற பேச்செல்லாம் வசதியான, மேல்சாதி வீடுகளில்தான். அதே காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனார்கள். 1876-78 பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களை எந்தச் சாதிச் சபையும் கூப்பிட்டுப் பிராயச்சித்தம் கேட்கவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். தோட்டத்துக்கு வேலைக்கு ஆள்தான் வேண்டும், வயதான தாய் தகப்பன் எதற்கு? பெரியவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பலர் மறுபடி பிள்ளை முகம் பார்க்கவே இல்லை.

பெற்றோருக்கு வழிவிட்ட கப்பல்கள் மேற்கே போகவில்லை, கிழக்கே போயின. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. நம் பக்கத்து ஆட்களுக்கு திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் வரை ரயில், அங்கிருந்து கப்பல். பெரும்பாலானவர்களுக்கு மேல்தட்டில் பாய் விரித்துப் படுக்கும் 'டெக்' டிக்கெட்தான்.

ரஜூலாவுக்குப் பிறகு அதே வழியில் வந்தது 'சிதம்பரம்'. அந்தக் கப்பலின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது. பிரான்ஸ் நாட்டில் டன்கிர்க் என்ற ஊரில் கட்டி 1966-இல் கடலில் இறக்கியது. விஞ்ஞானி லூயி பாஸ்டர் பெயரில் 'பாஸ்டர்' என்று அழைக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே ஓடியது. விமானம் மலிவானதும் அங்கே ஆள் குறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அதிகப் பேர் ஏறும்படி உள்ளே மாற்றி, சிதம்பரம் என்று பெயர் வைத்தது. ஐரோப்பியர் உல்லாசமாகப் போன கப்பலில் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் அம்மாக்கள் ஊறுகாய் ஜாடியோடும் அப்பளக் கட்டோடும் ஏறினார்கள். "வாங்கம்மா" என்று பிள்ளைகள் கடிதம் எழுத, அம்மாக்கள் போக முடிந்த காலம் அது. 1980-களின் நடுவில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்தது.

ஆகவே ஆடம்பரமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் தாயிடம் அனுமதி கேட்டோம். பிறகு கடிதம் எழுதினோம், பணம் அனுப்பினோம். இன்றைக்குத்தான் "நீங்களும் வாங்க" என்று கேட்கும் நிலைக்கு நம்மில் சிலராவது வந்திருக்கிறோம். கேட்க முடிந்தவர்கள் கேட்டுவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே உதாரணங்கள் போதும்.

ஆனால் உண்மையாகக் கேளுங்கள். டிக்கெட் போட்டுவிட்டுத் தகவல் சொல்வது கேட்பதாகாது. மூட்டு வலி இருக்கிறதா, கடல் பயணம் ஒத்துக்கொள்ளுமா, தயிர்சாதம் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று பாருங்கள். ரோம் பார்க்க வேண்டுமென்றால் கப்பல் சிவிதாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். போய்வந்தால் நாள் முழுக்க அலைச்சல். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் நடுவில் துருக்கி மாதிரி வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பினால் பலமுறை நுழையும் விசா வேண்டும். இதையெல்லாம் நீங்கள் பாருங்கள், அவர்கள் கடலைப் பார்க்கட்டும்.

ஐரோப்பா முடியாவிட்டால் குறை ஒன்றுமில்லை. 2022-இல் சென்னையிலிருந்தே சுற்றுலாக் கப்பல் கிளம்பியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அதுவும் இல்லையா, ராமேஸ்வரம் பாம்பன் பாலத்தில் ரயிலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அதுவும் கடல்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாஸ்போர்ட், மலாயாக் கடிதம், கப்பல் டிக்கெட் ஏதாவது இருந்தால் கரையான் அரிக்கும் முன் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். ரஜூலாவிலோ சிதம்பரத்திலோ போய்வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் அதில் இல்லை. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.