ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு

ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது, மோட்டார் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் பேரிங்குகளுக்கு ஆயில் உரிய அழுத்தத்தோடு சென்று சேரவில்லை என்னும் அபாயத்தை ஓட்டுபவருக்கு அறிவிக்கும் பொருட்டு, எண்ணெய்க் குப்பியின் உருவத்தில் சிவப்பாக எரியும்படி அமைந்த சாதனமாகும். எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப் நிறைய ஆயில் இருந்தும் அழுத்தம் இல்லாமற் போகக்கூடுமாதலால், டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துத் திருப்தியடைந்து வண்டியை மேலே ஓட்டிச் செல்வது மிகப் பெரிய பிழை.

கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும், ஓட்டத்தின்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலமொன்று நின்று பாரமனைத்தையும் சுமக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் வண்டி அச்சின் பேரிங்கைப் பரிசோதித்தபோது, ஆயில் விடுவதற்காக அதன் உச்சியில் துளையிட, உள்ளே போக வேண்டிய ஆயில் வெளியே பொங்கிற்று. தக்கையிட்டு அடைத்தால் தக்கை வெளியேறியது, மர ஆப்பு வைத்தால் அதுவும் வெளியேறியது. இறுதியில் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பார்க்க, முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைக் கடந்து சென்றது. சுழற்சியே இந்த அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது என்பதற்கு 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித விளக்கம் தந்தார். எனவே, படலத்தைப் பிறப்பிப்பது தண்டின் சுழற்சி. படலம் வறண்டு போகாமல் இடைவிடாது ஆயில் ஊட்டுவதே எஞ்சினின் ஆயில் பம்பின் காரியம். அந்த ஊட்டம் நின்றால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, உஷ்ணத்தில் பேரிங் உருகி, சில நிமிஷங்களுக்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

விளக்கின் மின்சுற்று மிக எளிது. எஞ்சின் உடலில் திருகப்பட்டிருக்கும் சிறு சுவிட்ச், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 பவுண்டுக்குக் கீழே இறங்கும்போது மூடிக்கொண்டு, விளக்கின் கம்பியை எஞ்சினின் இரும்போடு இணைத்து எரியச் செய்கிறது. ஆதலால், விளக்கு எரிவது ஆபத்தின் ஆரம்பத்தில் அன்று. அழுத்தம் அநேகமாக அற்றுப்போன பிறகுதான். மேலும், கம்பி உரசிக் காப்புறை கிழிந்து இரும்பைத் தொட்டால் விளக்கு வீணாக எரியும். கம்பி அறுந்தாலோ, முனை துருப்பிடித்தாலோ, எரிய வேண்டிய வேளையிலும் எரியாது.

இந்த இரண்டாவது குற்றமே தூத்துக்குடிக் கடற்கரையில் அதிகம் கவலைக்குரியது. வேப்பலோடை, தருவைகுளம் முதல் முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை உப்பளங்கள் பரந்து கிடக்க, கடற்காற்றில் கலந்த உப்பு, மின்முனைகளில் பச்சை பூக்கச் செய்து, சம்பின் தகட்டையும் துருவாக அரிக்கிறது. உள்நாட்டு ஊர்களில் வீணாக எரியும் விளக்கைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். இங்கே மௌனமாக இருக்கும் விளக்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமலிருக்கும்போது விளக்கு எரிந்தாக வேண்டும். ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைந்தாக வேண்டும். சாவி திருப்பியும் எரியாத விளக்கு, பெரும்பாலான கார்களில், அறுந்த சுற்றின் அடையாளம். (புதிய கார்களில் கம்ப்யூட்டர் இந்தச் சுற்றைக் கவனித்துக்கொள்வதுண்டு.) கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் பலவற்றுக்கு விளக்கோடு முள் காட்டும் கேஜும் இருப்பது, இத்தகைய சூழ்நிலையில் விவேகமான ஏற்பாடு.

ஓட்டத்தில் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைப்பதொன்றே முறை. திருச்செந்தூர் சாலையில் அடுத்த மெக்கானிக் ஷெட் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறதே என்று ஓட்டிச் செல்வதால், சுவிட்ச் மாற்றுமளவில் முடிந்திருக்கும் செலவு கிராங்க் தண்டுவரை போய்விடும். சில நிமிஷம் கழித்து, சமதரையில், டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைவாயிருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் நெடி வீசினால் எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. பாலும் காப்பியும் கலந்தாற்போலிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் மாதம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளத்தில் மூழ்கியவை போன்ற கார்களை, ஆயிலை முழுதும் வடித்து மாற்றுவதற்கு முன் ஸ்டார்ட் செய்வதே தவறு.

அளவு சரியாயிருந்தும் விளக்கு அணையாவிடில், ஊகத்தின்பேரில் பாகங்களைக் கழற்றுவதற்கு முன், சுவிட்சைக் கழற்றி அவ்விடத்தில் கேஜைத் திருகி உண்மையான அழுத்தத்தை அளப்பதே நிர்ணயத்துக்குரிய வழி. இதைச் செய்யாமல் நேரே பம்பை மாற்றும் பட்டறைகள் இல்லாமலில்லை. நன்றாகச் சூடேறிய எஞ்சினில், நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பழைய கைக்கணக்கு. உண்மையான எல்லை வண்டியின் கையேட்டில் இருக்கும். கேஜ் சரியான அழுத்தத்தைக் காட்டினால் குற்றம் சுவிட்சினுடையது அல்லது கம்பியினுடையது.

அழுத்தம் மெய்யாகவே குறைந்திருந்தால், காரணத்தைத் தேடும் வரிசை, எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்வதாக அமைய வேண்டும். கையேடு கூறுவதைவிட மெலிந்த ஆயில் ஊற்றப்பட்டதா, தரக்குறைவான பில்டர் இடப்பட்டதா என்பவை முதலாவன. பிறகு சம்பைக் கழற்றினால், ஆயில் மாற்றாமல் நெடுநாள் ஓடிய வண்டிகளில், பம்பு உறிஞ்சும் சல்லடை கசடால் அடைபட்டிருப்பது தெரியும். அதே சமயத்தில் உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுவது நலம், ஏனெனில் அதன் வழியே காற்று புகுந்தால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். மிகை அழுத்தத்தைச் சம்புக்குத் திருப்பும் ரிலீப் வால்வு, கசடு சிக்கித் திறந்தபடி நின்றுவிடுவதுமுண்டு. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் லாரிகளைப்போல், சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நெடுநேரம் ஓடும்போது மட்டும் விளக்கு மினுக்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணையுமாயின், பம்பும் பேரிங்குகளும் தேய்ந்திருப்பதாகக் கருத இடமுண்டு.

பேரிங் தேய்ந்து இடைவெளி விரிந்தால் ஆயில் அதன் வழியே தடையின்றி ஒழுகிவிடுகிறது; புதுப் பம்பு அக்குறையை நிரப்பாது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் விளக்கு சிலகாலம் அணைந்திருக்கும். பழைய கார்களை விற்பவருள் சிலர் அறிந்து கையாளும் உபாயம் இது. முறையான பரிகாரம், தண்டைக் கழற்றி, தேய்வை அளந்து, தேவையானால் கால் மில்லிமீட்டர் குறைத்துக் கிரைண்ட் செய்து, அந்த அளவுக்குரிய பேரிங்குகளை இடுவதாகும். வேலை முடிந்தபின், எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்தி வைத்து, ஸ்டார்ட்டரால் சுழற்றி, விளக்கு அணையும்வரை ஆயில் எங்கும் பரவச் செய்த பிறகே எஞ்சினை ஓட விட வேண்டும்.