உள்ளூர்க் காலுக்கு வந்த விலை

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடங்கியபோதே ஒரு விதியும் வந்தது: களத்தில் நிற்கும் 11 பேரில் 5 பேராவது இந்தியராக இருக்க வேண்டும். மீதி 6 இடங்களில் வெளிநாட்டவர் ஆடலாம். சென்னையின் எஃப்சியின் பகட்டெல்லாம் அந்த 6 இடங்களில்தான் இருந்தது. உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் மாத்தராஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். பிரேசிலின் இலானோ 8 கோல் அடித்து அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் ஆனார்.

அதற்கு முன் வெளிநாட்டவர் விஷயத்தில் சில கிளப்புகளுக்குச் சொந்த வைராக்கியமே விதியாக இருந்தது. கொல்கத்தாவின் மோகன் பகான் 1991 வரை வெளிநாட்டவரைச் சேர்க்காமல் பிடிவாதம் காத்தது. பரம எதிரி ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய நைஜீரியர் சீமா ஒகோரியைச் சேர்த்ததோடு அந்த வழக்கம் முடிந்தது.

2017-18-ல் சூப்பர் லீக் விதி இறுகி, 6 இந்தியர் கட்டாயம் ஆனது. ஒரு இடம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு இடம் ஆள் எடுக்கும் முறையையே மாற்றியது. கோல் அடிப்பவர் வெளிநாட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அதுவரை பல கிளப்புகளின் பழக்கம். சென்னையிடமோ மிசோரத்தின் ஜெஜே லால்பெக்லுவா இருந்தார். அந்த சீசனில் 9 கோல் அடித்தார். முன்வரிசையை அவர் பார்த்துக்கொண்டதால், பயிற்சியாளர் ஜான் கிரிகரி வெளிநாட்டு இடங்களைத் தடுப்பிலும் நடுக்களத்திலும் தாராளமாகச் செலவிட முடிந்தது. நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷும் இருந்தார். 2018 மார்ச் 17, பெங்களூரு, இறுதி ஆட்டம். பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி தலையால் முட்டி முதல் கோல் போட்டார். பதிலுக்குச் சென்னையின் பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். முடிவில் 3-2. கோப்பை சென்னைக்கு.

2021-22-ல் இந்தியர் எண்ணிக்கை 7 ஆனது. நல்ல இந்திய ஆட்டக்காரரின் விலை ஏறியது. 2023-ல் சென்னையின் அணித்தலைவர் அனிருத் தாபாவை மோகன் பகான் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு மோகன் பகான், சஹல் அப்துல் சமதைப் பெறுவதற்குத் தன் அணித்தலைவர் ப்ரீதம் கோட்டாலையே கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்தது.

ஐரோப்பாவின் ‘உள்ளூரில் வளர்ந்தவர்’ விதி வேறு மாதிரி. அதில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. 15 வயதுக்கும் 21-க்கும் இடையே மூன்று ஆண்டுகள் எங்கே பயிற்சி பெற்றார் என்று பார்க்கிறார்கள். ஸ்பெயின்காரரான ஃபாப்ரிகாஸ் சிறுவயதிலேயே ஆர்சனலில் சேர்ந்தவர். அதனால் 2014-ல் செல்சி அவரை வாங்கியபோது இங்கிலாந்தில் வளர்ந்தவர் கணக்கில் சேர்ந்தார்.

இந்திய விதி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காவிரி டெல்டாவின் திருக்கடையூர்ப் பையனும் மிசோரத்தின் ஐஸ்வால் பையனும் அதற்கு ஒன்றே. ஐஸ்வாலில் ஆள் தயாராகக் கிடைக்கும்போது, டெல்டா கிராமத்தில் ஒரு பையனைத் தேடிப் பிடித்து ஆறேழு வருடம் வளர்க்க எந்த கிளப்புக்கும் கட்டாயம் இல்லை. இது பெரிய குறை.

விதி சொல்லாமலே அதைச் செய்தது, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி. கோவை நேரு ஸ்டேடியத்தில் நான்கு ஸ்பெயின்காரர்களோடு தமிழ்நாட்டுப் பையன்களைக் கலந்து இறக்கியது. 2019 மார்ச் 9 அன்று, ஒரு கோல் பின்தங்கியிருந்து மீண்டு, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. இந்திய இடங்களை நிரப்ப அலைந்த சூப்பர் லீக் கிளப்புகள் அங்கே வளர்ந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. இரையுமன்துறை மைக்கேல் சூசைராஜ் பட்டத்துக்கு முன்பே ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். எட்வின் வான்ஸ்பால் சென்னையினுக்கும், ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும் போனார்கள். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர், 2023 டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கை விட்டே போயிருந்தது.