கஞ்சாவின் வீரியத்தை அளந்த வரலாறு

கஞ்சாவின் வீரியம் என்பது அதன் போதை வலிமையை அல்லது மருந்து வலிமையைக் குறிக்கும் சொல். இக்காலத்தில் இது டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் வேதிப்பொருளின் விழுக்காடாகச் சொல்லப்படுகிறது. சுருக்கமாக இதை டி.எச்.சி. என்பர். கனடா போன்று கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்ட நாடுகளில் வீட்டிலேயே இதைச் சோதிக்கும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. இந்த எண்ணைக் கண்டறிய அறிவியலுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் தேவைப்பட்டது. அம்முயற்சி தொடங்கிய இடம் இந்தியா. ஆனால் இந்தியச் சட்டம் இன்றுவரை அந்த எண்ணைக் கேட்பதில்லை.

கையும் மூக்கும் கண்ட அளவு

இந்தியாவில் கஞ்சாச் செடியின் பொருள்கள் நெடுங்காலமாக மூன்றாகப் பிரிக்கப்பட்டு வந்துள்ளன. இலையிலிருந்து பெறுவது பாங்கு, பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா, பிசின் சரஸ். இந்தப் பிரிவே ஒரு வீரிய வரிசைதான். இலையில் பிசின் குறைவு, பூவில் மிகுதி, சரஸோ பெரும்பாலும் பிசினே. சித்த மருத்துவத்திலும் கஞ்சா மருந்துச் சரக்காக இடம்பெறுகிறது. அதைச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பது மரபு.

வங்காளத்தில் இராஜ்சாகி மாவட்டத்தின் நௌகாவ் பகுதி கஞ்சாச் சாகுபடிக்குப் பெயர் பெற்றிருந்தது. இது இன்று வங்காளதேசத்தில் உள்ளது. அங்கு ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே தேர்ந்த ஆள்கள் இருந்தனர். மகரந்தம் சேராத பெண் பூ விதை பிடிக்காது, பிசின் மிகுதியாகச் சுரக்கும். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் 1893இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இம்முறைகளை விரிவாகப் பதிவு செய்தார்.

நௌகாவ் கஞ்சா தட்டை, உருட்டு, தூள் என மூன்று வடிவங்களில் சந்தைக்கு வந்தது. தட்டையில் தண்டு மிகுதி, தூளில் தண்டு மிகக் குறைவு. ஆங்கில அரசு இம்மூன்றுக்கும் வெவ்வேறு வரி விதித்தது. தண்டு குறையக் குறைய வரி கூடியது. சாராயத்தில் மிதவைமானியை இட்டு வலிமை கண்டு வரி போட்ட அரசிடம் கஞ்சாவுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. அதனால் தண்டின் அளவையே வீரியத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது.

மருந்தாகப் போனதும் திரும்பியதும்

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓ ஷாக்னசி 1839இல் கஞ்சாவைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் மூட்டுவாதம், வலிப்பு, இசிவு நோய் ஆகியவற்றுக்கு அதன் சாற்றை மருந்தாகக் கொடுத்தார். இதன் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு இடம்பிடித்தது.

ஆனால் ஒரு புட்டியில் இருந்த வலிமை அடுத்த புட்டியில் இல்லை. மருத்துவர் எழுதிய அதே அளவு ஒரு நோயாளிக்கு எந்தப் பயனும் தராமல் போகலாம், இன்னொருவரை மயங்க வைக்கலாம். அபினிக்கும் சிங்கோனாப் பட்டைக்கும் இந்தச் சிக்கல் தீர்ந்திருந்தது. அபினியிலிருந்து மார்பினையும் சிங்கோனாவிலிருந்து குயினைனையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேதியியலார் பிரித்துவிட்டனர். அவை காரத்தன்மை கொண்டவை, அமிலத்துடன் சேர்ந்து படிகமாகும் உப்பைத் தருபவை. கஞ்சாவின் வீரியப்பொருளோ காரம் அல்ல. நீரில் கரையாத, எளிதில் படிகமாகாத பிசின் எண்ணெய். எனவே வழக்கமான முறைகளுக்கு அது பிடிபடவில்லை.

1893இல் இந்திய அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. குரங்குக்குக் கஞ்சாப் புகை கொடுத்துப் பார்க்கும் சோதனையும் அதற்காக நடந்தது. மிதமான பயன்பாட்டால் பொதுவாகப் பெருந்தீங்கு இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தலாம் என்பது ஆணையத்தின் முடிவு. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலைப் பகுதியின் சந்தவாசலிலும், இன்றைய ஆந்திரத்தின் தக்குபாட்டிலும் அரசுக் கட்டுப்பாட்டில் கஞ்சாக் கிடங்குகள் இயங்கின. அங்கும் எடைக்கே வரி.

ஆய்வுக்கூடத்தின் தேடல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் இந்தியாவிலிருந்து சென்ற சரஸைக் கொண்டு ஆய்வு செய்து, 1890களின் இறுதியில் கன்னாபினால் என்ற பொருளைப் பிரித்தனர். வீரியத்தின் மூலம் அதுவே என அப்போது கருதப்பட்டது. உண்மையில் கன்னாபினால் என்பது டி.எச்.சி. காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதைவதால் உண்டாகும் பொருள். நாளான கஞ்சா வலுவிழக்கும் என்று வணிகர்கள் அறிந்திருந்ததன் வேதியியல் காரணம் இதுதான்.

வேதியியல் கைகொடுக்காததால் நாய் அளவுகோலாயிற்று. மருந்துச் சாற்றைக் கொடுத்ததும் நாய் கால் தடுமாறுகிறதா என்று பார்த்தனர். 1916ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துநூல் இதை அதிகாரபூர்வமான சோதனையாகவே ஏற்றது. ஆனால் நாய்க்கு நாய் தாங்குதிறன் மாறுபட்டது.

1911இல் சூடானில் பணியாற்றிய பீம் என்ற வேதியியலார் ஊதா நிறம் தரும் சோதனை ஒன்றைக் கண்டார். 1938இல் டுகெனுவா சோதனை வந்தது. இவை கஞ்சாவை அடையாளம் காண உதவின, அளக்க உதவவில்லை. பீம் சோதனை நிறம் மாறுவது போதை தராத கன்னாபிடியால் என்ற பொருளால் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தச் சோதனையில் ஊதா நிறம் அடர்ந்தால் வீரியம் மிகுதி என்று எண்ணுவது தவறு.

நம்பத்தக்க அளவு கிடைக்காத மருந்து மெல்ல ஒதுக்கப்பட்டது. பிரித்தானிய மருந்துநூலிலிருந்து 1932இலும், அமெரிக்க மருந்துநூலிலிருந்து 1942இலும் கஞ்சா நீக்கப்பட்டது. அரசியலும் வரிச் சட்டங்களும் காரணமாயினும் அளவின் நிலையின்மையும் பெரும் காரணம்.

1964இல் இஸ்ரேலின் கவோனியும் மெக்கூலமும் டி.எச்.சி.யைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை விளக்கினர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1961இல், ஐ.நா.வின் போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவைக் கடும் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டது.

வீட்டுச் சோதனைக் கருவிகள்

இன்று ஆய்வகங்கள் திரவ நிறப்பிரிகை முறையால் வீரியத்தைத் துல்லியமாக அளக்கின்றன. வீட்டுக் கருவிகள் இவற்றின் எளிய வடிவங்கள். மலிவானது நிறச் சோதனை. அது பொருள் உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும். அடுத்தது மென்படல நிறப்பிரிகைத் தட்டு. அதில் ஒவ்வொரு பொருளும் தனிப் புள்ளியாகத் தெரியும், புள்ளியின் அடர்வைக் கொண்டு தோராயமாக மதிப்பிடலாம். விலை மிகுந்தது அகச்சிவப்புக் கதிர்க் கருவி. அது நேரடியாக அளப்பதில்லை. ஆய்வகம் முன்பே அளந்த மாதிரிகளுடன் ஒப்பிட்டு எண்ணைக் கணிக்கிறது. ஈரப்பதம் மாறினாலும், கருவிக்குப் பழக்கப்படாத வகைப் பொருளை வைத்தாலும் எண் பிசகும்.

பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி. அன்று, அதன் அமில வடிவம். சூடேறும்போது கரியமில வாயு நீங்கி அது டி.எச்.சி. ஆகிறது, எடையும் குறைகிறது. ஆகவே அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கியே மொத்த டி.எச்.சி. கணக்கிடப்படுகிறது. பூவில் அமிலம் 20 விழுக்காடு இருந்தால் அதிலிருந்து கிடைப்பது 17.5 விழுக்காடு. எனவே கருவி காட்டும் எண் எதைக் குறிக்கிறது, எந்த ஆய்வக அளவோடு அது ஒப்பிடப்பட்டது என்ற இரண்டும் விலையைவிட முக்கியமானவை.

இந்தியச் சட்டமும் தராசும்

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதும் கஞ்சா வைத்திருப்பதும் குற்றம். கையில் சோதனைக் கருவி இருப்பதோ, வீரியம் குறைவு என்று அது காட்டுவதோ பாதுகாப்பு ஆகாது. தண்டனையை எடையே முடிவு செய்கிறது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. நாள்பட்டு வலுவிழந்த 21 கிலோவும் வீரியம் மிக்க 21 கிலோவும் சட்டத்தின் முன் ஒன்றே.

போதைப்பொருளுடன் வேறு பொருள் கலந்திருந்தால் தூய பகுதியை மட்டும் கணக்கிட வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவையின் மொத்த எடையே கணக்கு என்று தீர்ப்பளித்தது. விதிவிலக்காக, உத்தராகண்டு அரசு தொழில்துறைச் சணலுக்கு உரிமம் அளித்தபோது 0.3 விழுக்காடு டி.எச்.சி. என்ற வரம்பை வைத்தது.

எடையைக் கொள்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மலையடிவாரக் காவல் நிலையத்திலும் தராசு இருக்கும், நிறப்பிரிகைக் கருவி இருக்காது. ஆனாலும் சட்டம் வீரியத்தை முற்றிலும் மறக்கவில்லை. சரஸுக்குச் சிறு அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. அதாவது சிறு அளவில் சரஸ் கஞ்சாவைப் போல் 10 மடங்காகவும், வணிக அளவில் 20 மடங்காகவும் எண்ணப்படுகிறது. பூங்கொத்துடன் சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கே வெளியே நிற்கின்றன. இலை, பூ, பிசின் என்று பழைய விவசாயி கையால் தொட்டும் முகர்ந்தும் வகுத்த வரிசையே இன்றும் சட்டத்தின் வீரிய அளவுகோலாக இருந்து வருகிறது.