பைக்குக்கு டயர் பிரஷர் கேஜ் வாங்கப் போறீங்களா? முதல்ல வால்வைப் பாருங்க!

பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கிற அண்ணன், ‘எவ்வளவு வைக்கட்டும்?’ என்று கேட்டால் உங்கள் பதில் என்ன? நம்மில் பாதிப்பேர், ‘நீங்களே பார்த்து வைங்கண்ணே’ கேஸ்தான். அவரும் வர்ற வண்டிக்கெல்லாம் ஒரே கணக்காக முன்னாடி 30, பின்னாடி 40 என்று வைத்து அனுப்பிவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் வண்டியின் கணக்கு உங்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கணக்கு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். தனியாக ஓட்டினால் எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் ‘மேக்ஸ்’ எண்ணை அடிக்கச் சொல்லி ஏமாறாதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

எனக்கு கேஜ் பழக்கம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். முந்தின வாரம் பின் டயரில் 29 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். சும்மா வாங்கிப் போட்டிருந்த கேஜை வைத்துப் பார்த்தால் 21. கேஜ்தான் மக்கர் பண்ணுது என்று நினைத்து மறுபடி வைத்தேன். அதே 21. சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், நடுப்பட்டையில் பளபளவென்று ஓர் ஆணித் தலை! டியூப்லெஸ் டயரின் நல்ல குணமே இங்கே வில்லன். ஆணி ஏறினாலும் புஸ்ஸென்று இறங்காது; நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஓட்டுகிறவருக்கு ‘வண்டி லேசா இழுக்குதே’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அன்று மதியம் மனைவியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரை போவதாக இருந்தோம்.

சரி, கடைக்குப் போகலாம். பென்சில் மாதிரி இருக்கும் ஸ்டிக் கேஜ், முள் சுற்றும் டயல் கேஜ், டிஜிட்டல் என மூன்று வகை உண்டு. பென்சில் கேஜ் மலிவு, சட்டைப் பையில் அடங்கும், பேட்டரி வேண்டாம். ஆனால், கோடுகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். எந்த வகை என்பதைவிட, அதன் வாய் உங்கள் வால்வில் ஒழுங்காக உட்காருமா என்பதுதான் முதல் கேள்வி. காருக்கு இந்தப் பிரச்னை இல்லை. பைக்கில் ஒரு பக்கம் டிஸ்க், மறுபக்கம் செயின் ஸ்ப்ராக்கெட், நடுவில் ஸ்போக். ஸ்கூட்டரில் சக்கரமே சின்னது; வால்வு உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கேஜை அங்கே நுழைக்கவே முடியாது. கோணலாக வைத்தால் ‘உஸ்ஸ்’ என்று காற்று வெளியே போகும், கேஜும் தப்பாகக் காட்டும். அதனால் வாய் வளைந்திருக்கும் கேஜ், அல்லது நுனியில் சின்ன ஹோஸ் இருக்கும் டயல் கேஜ் நல்லது. லாரிக்கு என்று இரண்டு தலையுடன் வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது, டயலில் கடைசி எண் எவ்வளவு என்று பாருங்கள். 160 வரை காட்டும் கேஜ் பெரிய ஆள் மாதிரி தோன்றும். ஆனால், கேஜின் பிழையை முழு அளவில் இத்தனை சதவிகிதம் என்றுதான் கணக்கிடுவார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ‘கிரேடு பி’ தரத்தில், அளவின் நடுப்பாதியில் 2 சதவிகிதம், இரு ஓரங்களில் 3 சதவிகிதம் வரை பிழை இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது 28 பிஎஸ்ஐ. 60 வரை காட்டும் கேஜில் அது நடுவில் விழும். பிழை ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள். 160 கேஜில் ஓரத்தில் விழும். பிழை கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ வரை போகலாம். பைக்குக்கு 60 போதும்.

டிஜிட்டலில் 28.5 என்று தசமப் புள்ளியோடு காட்டுவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. ஒரே டயரில் மூன்று முறை வைத்துப் பாருங்கள். 28, 28, 27.5 என்று வந்தால் நம்பலாம். ஒவ்வொரு முறையும் துளிக் காற்று போகும் என்பதால் அந்த அரை குறைவது சகஜம். 28, 31, 26 என்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்போதும் 1 பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும் கேஜைக்கூட வைத்துச் சமாளிக்கலாம். நேரத்துக்கு ஒன்று சொல்வதை என்ன செய்ய? எடுத்த பிறகும் அளவு அப்படியே நிற்கும் வசதி, அதிகக் காற்றை இறக்க ஒரு பட்டன், இரண்டும் இருந்தால் கூடுதலாகக் காசு கொடுக்கலாம். பார்க்கிங் இருட்டில் பார்ப்பவர்களுக்கு லைட்டும் உதவும். கையடக்க ஏர் பம்ப் வைத்திருப்பவர்கள், அதன் திரை காட்டும் எண்ணை ஒருமுறை தனி கேஜில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியாச்சு. எப்போ பார்க்கணும்? வாரம் ஒருமுறை, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால். ஓடினால் டயர் சூடாகி அளவு ஏறும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே ஒன்றரை பிஎஸ்ஐ வரை கூடிவிடும். அதனால் ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான அளவு. ‘பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கே, போறதுக்குள்ள சூடாகிடுமே?’ என்கிறீர்களா... அதற்கு ஒரு சின்ன வழி. வீட்டில் 25 காட்டியது, தேவை 28 என்றால் குறைவது 3. பங்க்கில் போய் அதே கேஜை வைத்தால் 27 காட்டுகிறதா? கூட 3 சேர்த்து 30 வையுங்கள். ஆறியதும் 28-க்கு வந்துவிடும். சூடான டயரில் அளவு அதிகம் என்று காற்றை இறக்கிவிடுவதுதான் பெரிய தப்பு.

டயல் கேஜ் கீழே விழுந்தால் முள் கெட்டுப்போகும். டூல் கிட்டில் ஸ்பேனரோடு குலுங்கவிடாமல் பழைய சாக்ஸ் ஒன்றில் சுற்றி வையுங்கள். அளந்து முடித்ததும், பஞ்சர் கடைக்காரர் செய்வதுபோல விரலில் எச்சில் தொட்டு வால்வு நுனியில் வையுங்கள். குமிழி விட்டால் வால்வு பின் லீக். கடையில் சில நிமிஷத்தில் மாற்றித் தருவார்கள். குமிழி இல்லையென்றால் வால்வு மூடியைத் திருகி மூடிவிட்டுக் கிளம்புங்கள்.